தட்டில் ஒன்றும் இல்லையாம்

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023ஆம் ஆண்டில் பலரும் பலவிதமாக நினைவுகூர்ந்தனர். அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. முன்னோர் காடும் காய்ச்சலும் கடந்து வந்த திசையிலே அவர்தம் வழித்தோன்றல்கள் மறுபடியும் நடந்தனர். அட்டனுக்கு அண்மையிலுள்ள எமது தோட்டப் பாடசாலையிலும் ஒரு சிறு கண்காட்சி வைப்பதென முடிவாயிற்று. பழைய கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, மங்கிப்போன நிழற்படங்கள் என்று மாணவர் கொண்டுவந்து குவித்தனர். அவற்றோடு ஒரு குரலையும் வைக்க நாம் விரும்பினோம். அது எமது அம்மாயியின் குரல். ஓர் இறுவட்டில் அது பதிந்திருந்தது. அந்த இறுவட்டை எமது பாடசாலைக் கணினி வாசிக்க மறுத்துவிட்டது.

கணினியின் இறுவட்டுச் செலுத்தி பழுதுபட்டது ஒரு செய்தியா, அதற்கு இந்த இதழில் இடம் வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்பழுதைத் தேடிப்போன வழியில் எம்மைப் பற்றியும் எமது தொழிலைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொள்ள நேர்ந்தது. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில், 2011ஆம் ஆண்டு, இறுதியாண்டு ஆய்வுக்காக மலையகத் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் தேடி அலைந்தோம். தேடியது எமது லயத்திலேயே இருந்தது. நண்பர் ஒருவரின் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் பெற்று, மூன்று மாலைப் பொழுதுகள் இஸ்தோப்பில் அம்மாயியின் அருகே அமர்ந்து பதிவு செய்தோம். பதினொரு பாடல்கள். பன்னிரண்டாவது பாடலன்று, பேச்சு. எழுபதுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தம் அக்காளைப் பற்றி அவர் தாமாகவே பேசத் தொடங்கினார். நாம் கருவியை நிறுத்தவில்லை. பின்னர் அட்டன் நகரில் ஒரு கடையில் அவற்றை இறுவட்டில் எழுதுவித்தோம். அழகாக இருக்கட்டும் என்று அம்மாயியின் பெயரையும் திகதியையும் ஒரு காகிதத்தில் எழுதி, பசை தடவி இறுவட்டின் மேற்புறத்தில் ஒட்டினோம். இரவல் கருவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம். 2015ஆம் ஆண்டில் அம்மாயி காலமானார். அந்த ஓர் இறுவட்டைத் தவிர வேறு பிரதி எம்மிடம் இல்லை. படித்தவன் செய்யும் காரியமா இது என்று கேட்டால், ஆம், படித்தவன் செய்த காரியமே.

பாடசாலையில் எட்டுக் கணினிகள் இருந்தன. ஏதோவோர் அலுவலகம் கழித்து அனுப்பிய பழைய இயந்திரங்கள். தகவல் தொழினுட்ப ஆசிரியர் இடம் வெற்றிடமாக இருந்தபடியால் கணினி அறையின் திறப்பு தமிழாசிரியரான எம்மிடம் இருந்தது. எட்டில் ஒன்றின் செலுத்தியே தட்டை உள்ளிழுத்துச் சுழற்றும் நிலையில் இருந்தது. அதில் அம்மாயியின் இறுவட்டை இட்டோம். உள்ளே மூன்று முறை உறுமியது. சிறு விளக்கு மினுங்கி அணைந்தது. பின் அமைதி. செலுத்தியில் ஒரு தட்டை இடுமாறு திரையில் ஓர் அறிவிப்பு வந்தது.

தட்டு உள்ளேதான் இருந்தது. நாமே இட்டோம். எனினும், தட்டில் எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லாமல், தட்டே இல்லை என்று இயந்திரம் சொல்லிற்று.

“பழைய சீடிதானே சேர், பூத்துப் போயிருக்கும். வீசிடுங்க” என்றார் சக ஆசிரியர் ஒருவர். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம், நாமும் அரைமனத்தோடு அதை நம்பிவிட்டோம். தட்டு முதியது, இயந்திரம் அரசாங்க முத்திரை குத்திய மேசைமேல் இருப்பது. இரண்டில் எதைச் சந்தேகிப்பது என்று வரும்போது எமது மனம் தானாகவே தட்டின் பக்கம் விரலை நீட்டியது.

மறுநாள் பத்தாம் ஆண்டு மாணவர் நால்வர் எம்முடன் சேர்ந்துகொண்டனர். ஒரு விதியை வகுத்துக்கொண்டோம்: ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது, என்ன செய்தோம், என்ன நடந்தது என்பதை அப்பியாசக் கொப்பியில் எழுதி வைப்பது. முதலில் வேறொரு தட்டை இட்டோம், நூலகத்தில் கிடந்த ஓர் அகராதி இறுவட்டு. அதையும் இயந்திரம் வாசிக்கவில்லை. தொழிற்சாலையில் அச்சாகி வந்த, ஒரு கீறலும் இல்லாத தட்டு அது. ஆகவே குற்றம் அம்மாயியின் தட்டில் மட்டுமே இருக்க முடியாது. இந்த எளிய சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் செய்யாமலே முந்திய நாள் தீர்ப்பு எழுதிவிட்டிருந்தோம்.

அடுத்து இயந்திரத்தின் மின்தொடர்பை அறவே நீக்கி, மூடியைக் கழற்றி, செலுத்தியின் பின்னுள்ள தகவல் வடத்தையும் மின்வடத்தையும் பிடுங்கி மீண்டும் இறுகச் செருகினோம். இயக்கியவுடன் தோன்றும் முதல் திரையில் செலுத்தியின் பெயர் இருந்தது. அதாவது, கணினி அதனை அறிந்திருந்தது. பின்னர் உறுப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். தட்டு எழுதும் மென்பொருள் ஏதேனும் அரைகுறையாக நீக்கப்பட்டிருந்தால் அங்கே செலுத்தியின் பெயரருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தோன்றக்கூடும். அப்போது அந்தப் பதிவை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படிப்பட்ட குறி எதுவும் இல்லை. ஆகவே வடமும் மென்பொருளும் குற்றமற்றவை. எஞ்சியது செலுத்தியின் உள்ளே இருக்கும் கண்.

அந்தக் கண் எவ்வாறு காண்கிறது என்பதை மாணவருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். இறுவட்டு 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனங்கள் கூடி உருவாக்கியது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பதிவு முழுவதும் ஒரே சுருட்கோடாக, நடுவில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் செல்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 1.6 பங்கு. அக்கோட்டைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடும். 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள இலேசர்க் கதிர், கடுகளவான ஒரு வில்லையின் ஊடாகத் தட்டின் அடியில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்றத்தாழ்வே பதிவு. அச்சிட்ட தட்டில் அவ்வேறுபாட்டை உண்டாக்குபவை நுண்குழிகள். வீட்டிலும் கடையிலும் எழுதும் தட்டில், கதிரின் வெப்பத்தால் மாறிய சாயப்புள்ளிகள். வில்லையில் ஒரு படலம் படிந்தால் போதும், திரும்பும் ஒளி மங்கிவிடும். ஒளி வராதபோது, தட்டு இல்லை என்று இயந்திரம் முடிவு செய்துவிடும்.

ஒரு கிழமை வரை பதிவுக் கொப்பியை மாணவர் எழுதினர். மூவர் எழுதியவை ஒன்றுபோலவே இருந்தன: “வேலை செய்யவில்லை.” நான்காமவள் ஒரு மாணவி. அவள் மட்டும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நேரத்தைக் குறித்திருந்தாள். காலை 8.10, வாசிக்கவில்லை. காலை 9.00, வாசிக்கவில்லை. பிற்பகல் 1.15, அகராதியின் பெயர் மட்டும் வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

ஏன் நேரம் எழுதினாய் என்று கேட்டோம். வீட்டில் அம்மாவின் கொழுந்துக் கணக்கை அவள்தான் எழுதுகிறாளாம். காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை என்று மூன்று வேளைக் கணக்கையும் எழுதி வைத்தால்தான் சம்பள நாளில் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றாள். பின்னர் சற்றுத் தயங்கி இதையும் சொன்னாள்:

“சேர், ஈரமா இருந்தா கொழுந்துல கிலோ கழிப்பாங்கல்ல? காலை நெறுவைக்குத்தான் கூடக் கழிப்பாங்க. வெயில் ஏறின பொறகு அவ்வளவா கழிக்க மாட்டாங்க. இந்த மெசினும் அப்படித்தான் சேர். காலையில கழிக்குது.”

நாம் திகைத்துப் போனோம். அட்டன் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஊர். அவை பனியும் மூடுபனியும் மிகுந்த மாதங்கள். இரவு முழுவதும் பூட்டிக் கிடந்த அறையில் இயந்திரத்தின் உலோகமெல்லாம் குளிர்ந்து கிடக்கும். காலையில் நாற்பது பிள்ளைகள் உள்ளே வருவர். குளிருக்கு அஞ்சி யன்னல்களைச் சாத்துவர். அவர்களின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த பொருள்கள்மீது படியும். வில்லையும் குளிர்ந்த பொருளே. மூக்குக் கண்ணாடி அணிந்தவர் குளிரிலிருந்து தேநீர்க் கடைக்குள் நுழையும்போது கண்ணாடி மங்குவதைப் போன்றதே இது. நாலைந்து மணி நேரம் இயந்திரம் ஓடிச் சூடேறிய பின் ஈரம் உலரும். அப்போது சிறிது வாசிக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தூசு அந்த ஈரத்தோடு கூடி மெல்லிய பூச்சாக இறுகியிருந்தபடியால், உலர்ந்த பின்பும் முழுமையாக வாசிக்கவில்லை.

மருந்து எளிது. அட்டனில் கைபேசி திருத்தும் கடையில் ஐசோப்புரொப்பைல் மதுசாரம் சிறு போத்தலில் வாங்கினோம். மின்வடத்தைப் பிடுங்கிவிட்டுச் செலுத்தியைத் திறந்தோம். மின்சாரம் இல்லாத வேளையில் தட்டு வெளிவராவிட்டால், முகப்பிலுள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய காகிதக் கவ்வியைச் செலுத்தி மெல்ல அழுத்த வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு துளி மதுசாரம் தொட்டு, வில்லையைத் தடவியும் தடவாமலும் துடைத்தோம். வில்லை மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது; அழுத்தினால் எல்லாம் பாழ். திறந்த செலுத்தியை ஒருபோதும் மின்சாரத்தில் இயக்கிப் பார்க்கலாகாது. கண்ணுக்குப் புலப்படாத கதிர் கண்ணைக் கெடுக்கும். தட்டைத் துடைக்கும் முறையையும் மாணவருக்குக் காட்டினோம். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் பதிவின் வழியோடு வழியாக ஓடிவிடும்.

மறுநாள் பிள்ளைகள் வருமுன்பே இயந்திரத்தை இயக்கி வைத்தோம். பத்து மணிக்கு அகராதி திறந்தது. பின்னர் அம்மாயியின் தட்டை இட்டோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அடங்கிய குரல் அறைக்குள் எழுந்தது. முதலில் ஒரு இருமல், பிறகு தாலாட்டு. மாணவர் அசையவில்லை. ஒவ்வொரு பாடலாக வன்தட்டில் பிரதி செய்தோம். ஏழு பாடல்கள் தடையின்றி வந்தன. எட்டாவதில் குரல் தெறித்தது. அதற்குமேல் இயந்திரம் திணறியது.

இம்முறை குற்றம் தட்டில்தான் இருந்தது. அதைச் செய்தவரும் நாமே. மேலே ஒட்டிய காகிதம் ஈரத்தில் உப்பி, விளிம்புப் பக்கம் எழும்பியிருந்தது. இறுவட்டின் அடிப்புறமே மென்மையானது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பதிவும் அதன் பிரதிபலிப்புப் படலமும் மேற்புறத்தில், மெல்லிய பூச்சு ஒன்றின் கீழேதான் உள்ளன. ஒட்டிய காகிதத்தை உரித்தால் அப்படலமும் கூடவே உரிந்துவிடும். ஆகையால் அதைத் தொடவில்லை. தட்டைத் தெரிந்த வேறொருவரின் பழைய கணினிக்குக் கொண்டுபோய், வாசிக்கும் வேகத்தை மிகக் குறைத்து முயன்றோம். எட்டும் ஒன்பதும் பத்தும் கிடைத்தன.

இவ்வளவாவது கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரீட், சொலமன் என்னும் இரு கணித அறிஞர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட பிழைதிருத்த முறையை இறுவட்டு பயன்படுத்துகிறது. ஒரு செய்தியை ஓரிடத்திலேயே வைக்காமல் பல இடங்களில் பிரித்து, மிகையான குறிப்புகளுடன் எழுதுவது அம்முறை. ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக அழிந்தாலும் மற்ற இடங்களிலுள்ள குறிப்புகளைக் கொண்டு முழுமையாக மீட்கலாம். சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண் ஓர் அடியை மறந்தால் பக்கத்திலிருப்பவள் எடுத்துக்கொடுப்பாளே, அதைப் போன்றது என்று மாணவருக்குச் சொன்னோம். ஆயினும் எடுத்துக்கொடுக்க எவருமே எஞ்சாத இடத்தில் எந்த முறையும் உதவாது.

பதினோராவது பாடல் வரவில்லை. பன்னிரண்டாவதில், அம்மாயியின் பேச்சில், ஒரு நிமிடத்துக்கும் குறைவானதே வந்தது. “அக்கா ரயில் ஏறின அன்னைக்கி அட்டன் ஸ்டேசன்ல நிக்க எடமில்ல. ஒரே அழுகை. நான் அவ கையப் புடிச்சிக்கிட்டு…” என்ற இடத்தில் ஒலி அறுந்துவிட்டது. அதன்பின் அவர் கூறியது எமக்கு நினைவிருக்கிறது. சொல்லுக்குச் சொல் நினைவில்லை.

அந்த அறுந்த இடத்தில் நின்று ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாகிறோம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இம்மலைகளின் மக்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்தோரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர்களில் ஒருவர், பிற்காலத்தில் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கிய சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை, ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை, நாடற்றவராக்கிற்று. காலையில் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள் கண்முன்னே இருந்தனர். அவர்கள் பறித்த தேயிலை கப்பலேறியது. ஆனால் ஏட்டில் அவர்கள் இல்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை ஒரு தொகையாக எடுத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மீதி பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டோரில் எவரிடமும் எவரும் கேட்கவில்லை. எமது பெரிய அம்மாயி அந்த 525,000த்தில் ஒருவர். எமது அம்மாயி இங்கே எஞ்சியவர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி நீங்கும் வழி திறந்தது. வாசிக்கத் தெரியாத ஏடு, மனிதரே இல்லை என்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் அறிவித்துக்கொண்டிருந்தது.

அரசையும் சட்டத்தையும் குறைகூறி இங்கே நிறுத்திவிட்டால் எமக்கு வசதியாக இருக்கும். ஆனால் எமது மேசையிலும் ஓர் ஏடு உண்டு. கண்காட்சி முடிந்த பின், அந்த மாணவியின் முன்னேற்ற அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். முதலாம் தவணைக் குறிப்பில் எமது கையெழுத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: “கவனக் குறைவு.” வரவுப் பதிவேட்டிலும் அவள் பெயருக்கு நேரே பிந்தி வந்ததற்கான குறி பலமுறை இருந்தது. அம்மா பெரட்டுக்குப் போன பின், தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடி வருகிறாள் என்பதை அப்போதுதான் விசாரித்து அறிந்தோம். ஒரு வீட்டின் வரவு செலவை மூன்று வேளையும் நிறுத்து எழுதும் பிள்ளைக்குக் கவனம் இல்லையென்று பட்டம் பெற்ற நாம் எழுதி வைத்திருந்தோம்.

“தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏறாது” என்ற சொல்லை ஆசிரியர் அறைகளில் கேட்டவர்கள் பலர் இதைப் படிப்பர். சொன்னவர்களும் இருக்கலாம். நாமும் சொல்லியிருக்கிறோம். அச்சொல்லைச் சொல்லுமுன் வேறொரு தட்டை இட்டுப் பார்த்தோமா, வடத்தைப் பார்த்தோமா, நேரத்தைக் குறித்தோமா, எமது வில்லையைத் துடைத்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் குற்றமும் எப்போதும் இயந்திரத்திலே என்று நாம் வாதிக்கவில்லை. தட்டிலும் சேதம் உண்டு. வறுமையும் பசியும் ஈரச் சுவரும் செய்த சேதம். அச்சேதத்தையும், வாசிப்பவரின் கண் துலங்கிய பின்புதானே சரியாக அளக்க முடியும்?

அந்த அறிக்கையில் “கவனக் குறைவு” என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் எமது பெயரெழுத்தை இட்டோம். அரசாங்க ஏட்டில் வெட்டு எழுத்துக்குக் கையொப்பம் வேண்டும் என்பது விதி.

மீட்ட பத்துப் பாடல்களும் அறுந்த பேச்சும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன: எம்மிடம் ஒன்று, பாடசாலையில் ஒன்று, வேறோர் ஊரில் உறவினரிடம் ஒன்று. மாணவர் தம் வீட்டுக் கைபேசிகளில் தம் அப்பாயி, அம்மாயி, தாத்தாமாரின் பேச்சைப் பதிந்து வரத் தொடங்கியுள்ளனர். ஒவ்வொரு பதிவுக்கும் திகதி, நேரம், லயத்தின் பெயர், பேசியவரின் பெயர் எழுதப்படுகின்றன. கொப்பியின் முதற்பக்கத்தில் கோடு கிழித்து, நிரல்களைப் பிரித்துக் கொடுத்தவள் அந்த மாணவியே. கொழுந்துக் கணக்குக்கு வீட்டில் இப்படித்தான் போடுவாளாம்.